இரு கண்களும் மாதோட்டத்துக் கல்லும்

மனிதனுடைய இரு கண்களுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர். அதனால் வலக்கண் காணும் காட்சியும் இடக்கண் காணும் காட்சியும் சிறிதே வேறுபடுகின்றன. அவ்விரண்டையும் மனம் ஒன்றாக்கும்பொழுது ஆழம் என்னும் உணர்வு பிறக்கின்றது. சார்ல்ஸ் வீற்ஸ்ரன் என்னும் ஆங்கில அறிஞர் 1838 ஆம் ஆண்டில் இவ்வுண்மையை விளக்கி, இரு சித்திரங்களைக் கண்ணாடிகளின் உதவியால் ஒன்றாகக் காட்டும் கருவியொன்றையும் வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே புகைப்படக்கலை உலகறிய வந்தது. இரண்டும் இணைந்தபோது முப்பரிமாணப் படம் தோன்றியது. 1851 இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சிக்குப் பின், வில்லை பொருத்திய சிறு பெட்டிக்குள் இரட்டைப் படம் பார்ப்பது பலருக்கும் பெரு விருப்பமாயிற்று.

தமிழ்நாட்டுக் கோயில்கள் இக்கலையில் இடம்பெறுவதற்கு நெடுநாள் செல்லவில்லை. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1856 இல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் திறைப் என்னும் படை அதிகாரி, மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் முதலிய ஊர்களுக்குச் சென்று படம் பிடித்தார். 1858 இல் வெளியான அவருடைய தொகுதிகளுள் இரட்டைப் படத் தொகுதிகளும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சூழ்ந்த கல்வெட்டுக்களை அவர் 21 படங்களாக எடுத்து, ஏறக்குறைய 19 அடி நீளமான ஒரே சுருளாக ஒட்டி வைத்தார். ஆயினும், செலவு மிகுந்த பணி எனக் கருதிய ஆளுநர் திரெவெலியன் அதனை நிறுத்தவே, 1860 இல் அப்பதவியே ஒழிந்தது.

அந்நாளில் பாக்கு நீரிணைக்கு இப்பாலுள்ள மாதோட்டத்தின் நிலை யாது? சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீஸ்வரம் அங்கே கோயிலாக நிற்கவில்லை. காடு மூடிய மேடாகக் கிடந்தது. 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் அவ்வாலயத்தை இடித்தனர்; அதன் கற்கள் மன்னார்க் கோட்டை கட்ட எடுத்துச் செல்லப்பட்டன என்பது வழிவழி வந்த செய்தி. கருவி பிறப்பதற்கு ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்கு முன்னரே காட்சி மறைந்துவிட்டது. ஆறுமுக நாவலர் 1872 இல் அத்தலத்தை மீட்க வேண்டுமென்று எடுத்துரைத்தார். 1894 இல் இடம் அடையாளங் காணப்பட்டு, பழைய சிவலிங்கம் வெளிப்பட்டது. எனினும், பழைய விமானம் எவ்வாறு எழுந்து நின்றது, தூண்கள் எவ்வாறு அமைந்தன என்பதைக் காட்ட ஒரு படமும் இருக்கவில்லை. ஆதலின் புதிய கோயிலைப் புதிதாகவே எண்ணிக் கட்ட வேண்டியதாயிற்று.

இவ்விழப்பின் அளவை ஜெர்மானியர் ஒருவரின் முயற்சி உணர்த்தும். திறைப் என்பவரின் தொகுதிகள் வெளிவந்த அதே 1858 இல், வெற்ஸ்லார் நகரத்துத் தேவாலயத்தை அளக்க உயரத்தில் ஏறிய அல்பிறெக்ற் மைடன்பவர் கீழே விழும் நிலையிலிருந்து தப்பினார். கட்டடத்தில் ஏறாமலே, வெவ்வேறு இடங்களில் நின்றெடுத்த படங்களைக் கொண்டு அதனை அளக்கலாமே என்று அவர் எண்ணினார். இரு கண்கள் செய்யும் வேலையை இருவேறு நிலைகளில் வைத்த கருவி செய்தது. அதற்கென 1885 இல் பேர்லினில் ஒரு நிறுவனம் அமைந்தது. போரில் இடிந்த கட்டடங்கள் சிலவற்றைப் பின்னாளில் திருத்தியமைக்க அப்படங்கள் உதவின.

பின்னர் இக்கலை பொதுமக்கள் கைக்கு வந்தது. 1947 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஸ்ரீரியோ றியலிஸ்ற், 35 மில்லிமீற்றர்ப் பிலிமில் ஒரே நொடியில் இரு படங்களைப் பதித்தது. 1980 அளவில் நான்கு வில்லைகளையுடைய நிம்ஸ்லோ வந்தது. கணினிக் காலத்திலும் இவ்வார்வம் அற்றுப்போகவில்லை. 2018 இல் மூன்று வில்லைகளையுடைய றெற்றோ என்னும் பிலிம் கமரா அறிமுகமாயிற்று.

இக்கருவிகளை விளையாட்டுப் பொருள்களென்று ஒதுக்குவோர் மாதோட்டத்துக் கல்லொன்றை நினைத்தல் தகும். இராசராச சோழன் காலத்தில் தாழி குமரன் என்பவன் அவ்வூரில் இராசராச ஈசுவரம் என்னும் கோயிலை எடுப்பித்தான். அவன் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இப்போது கொழும்பு நூதனசாலையில் உள்ளது, கோயிலோ இல்லை. தேய்ந்த கல்லைத் தட்டையான படத்தில் காண்போர்க்கு எழுத்து எது, கறை எது என்று தெரிவதரிது. இரு கண்ணால் காணும் படத்தில் உளி சென்ற பள்ளம் பள்ளமாகவே தோன்றும். கல் இருக்கும்போதே எடுக்கப்படும் படத்துக்குத்தான் அப்பயன் உண்டு.