தரைக்கு அடியில் ஒரு பெட்டி

எங்கள் ஊர் நாட்டு வைத்தியர் ஒருவர் மருந்து அரைக்கும்போது கதவைத் தாழிட்டுக்கொள்வார். என்ன மூலிகை என்று கேட்டால், "சொன்னால் பலிக்காது" என்பார். பலிக்காமல் போவது மருந்தா, வருமானமா என்று கேட்க எனக்கு அந்த வயதில் தெரியவில்லை. சேம்பர்லென் குடும்பத்தின் சரித்திரத்தைப் படித்தபோது அவர் ஞாபகம் வந்தது.

1569-இல் மதக் கலகத்துக்கு அஞ்சிப் பிரான்ஸிலிருந்து இங்கிலாந்துக்கு ஓடி வந்த குடும்பம் அது. பிள்ளைகளில் இருவருக்குப் பீட்டர் என்றே பெயர். இருவரும் பிரசவம் பார்ப்பவர்கள். மூத்தவர்தான் அந்த இடுக்கியைச் செய்தவர் என்று கருதுகிறார்கள். வளைந்த இரு இரும்பு அலகுகள். தனித்தனியே செலுத்தி, பிறகு பூட்டினால், சிக்கிய சிசுவின் தலையைப் பற்றி உயிரோடு எடுக்கலாம். அதுவரை பெரும்பாலும் சிசுவைச் சிதைத்துத்தான் தாயைக் காப்பாற்றினார்கள்.

உலகுக்குச் சொன்னார்களா? இல்லை. முலாம் பூசிய பெட்டியில் மறைத்துக்கொண்டு போவார்களாம். பிரசவிக்கும் பெண்ணின் கண்ணைக் கட்டிவிடுவார்களாம். அரண்மனை வரை அவர்களுக்கு அழைப்பு வந்தது.

1670-இல் ஹ்யூ சேம்பர்லென் பாரிஸுக்குப் போய் ரகசியத்தை விலை பேசினார். மோரிஸோ என்ற பெரிய வைத்தியர், இடுப்பெலும்பு மிகக் குறுகிய ஒரு பெண்ணைக் காட்டி, "இவளிடம் நிரூபியும்" என்றார். ஹ்யூ மூன்று மணி நேரம் போராடித் தோற்றார். அந்தப் பெண் இறந்தாள். பேரம் முறிந்தது. ஊர் திரும்பிய ஹ்யூ, அதே மோரிஸோவின் நூலை மொழிபெயர்த்தார். முன்னுரையில், தம் குடும்பத்தாருக்கு இதுவே ஜீவனம் என்பதால் வெளியிட முடியவில்லை என்று எழுதினார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பிழைக்க வந்த தேசத்தில் நிலபுலன் இல்லாதவர்களுக்குத் தெரிந்த வித்தைதானே காணி? ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டால் இவர்களை யார் கூப்பிடுவார்கள்? ஆனால் அவர்கள் வண்டி போய்ச் சேராத வீடுகளில், நான்கு தலைமுறைக் காலம், எத்தனை தாய்மார்கள் கதறியிருப்பார்கள்!

1733-இல் எட்மண்ட் சாப்மன் என்பவர் இடுக்கியைப் பற்றி அச்சில் எழுதினார். அதற்குள் குடும்பத்தின் கடைசி வைத்தியர் காலமாகி ஐந்து வருஷமாகியிருந்தது.

1813-இல், எஸ்ஸெக்ஸில் அவர்களுக்குச் சொந்தமாயிருந்த வீட்டில், தரைப் பலகைக்கு அடியில் ஒரு பெட்டி அகப்பட்டது. உள்ளே இடுக்கிகள், கூடவே காகிதத்தில் சுற்றிய ஒரு பல். 'என் கணவரின் கடைசிப் பல்' என்று யாரோ ஒரு மனைவி எழுதி வைத்திருந்தாள்.

பல்லை அவள் ஒளித்ததில் யாருக்கும் நஷ்டமில்லை.