பிள்ளைகளின் நூலுக்குப் பரிசு



பெரியவர்களுக்காக எழுதுகிறவரை எழுத்தாளர் என்று போற்றுகிறோம். பிள்ளைகளுக்கு எழுதுகிறவரையோ ஏதோ விளையாட்டாக எழுதுகிறார் என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்த எண்ணம் மாறிய வரலாற்றை இன்று பார்ப்போம்.

1945-இல் உலகப் போர் முடிந்தபோது ஜெர்மனி இடிந்து கிடந்தது. ரொட்டிக்கே பஞ்சம். ஹிட்லர் ஆட்சியில் நாட்டை விட்டு வெளியேறியிருந்த ஜெல்லா லெப்மன் என்ற யூதப் பெண்மணி அப்போது திரும்பி வந்தார். வெறுப்பை ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் பிற நாட்டுக் கதைகளைப் படித்தால் மனம் மாறுவார்கள் என்று நம்பினார். பல நாடுகளிடம் நூல்களைக் கேட்டு வாங்கி, 1946-இல் மியூனிக் நகரில் கண்காட்சி வைத்தார். 1949-இல் அங்கே பன்னாட்டு இளைஞர் நூலகம் எழுந்தது.

1956-இல் மேற்கு ஜெர்மனியில் இளையோர் நூல்களுக்கென அரசுப் பரிசு தொடங்கியது. ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்ட அயல்நாட்டு நூலும் அதைப் பெறலாம். 2003 முதல் இளம் வாசகர்களே தனி நடுவர் குழுவாக அமர்ந்து ஒரு நூலைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நம் தமிழில் நடந்தது என்ன? வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாடல் எழுதிய அழ. வள்ளியப்பா, 1950-இலேயே சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைய முன்னின்றார். ஆயினும் சாகித்திய அகாதமியின் மதிப்பு வரக் காலமாயிற்று. இந்தியாவின் சாகித்திய அகாதமி 1955 முதல் இலக்கியப் பரிசு அளித்து வருகிறது. சிறுவர் இலக்கியத்துக்கென்று தனிப் பரிசு தந்ததோ 2010-இல்தான். தமிழில் அதை முதலில் பெற்றவர் ம. கமலவேலன்; நூல் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’. வள்ளியப்பா 1989-லேயே மறைந்துவிட்டார். அவருடைய மகள் தேவி நாச்சியப்பன் 2019-இல் அப்பரிசைப் பெற்றார்.

ராசா வட்டாரத் தோட்டங்களில், விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டிய பெற்றோர், பிள்ளையின் பள்ளிச் செலவுக்கே திணறினார்கள். கதைப் புத்தகம் வீண்செலவாகத் தோன்றியதில் வியப்பில்லை. இன்று அந்த எண்ணத்தை நாம் விட்டுவிடலாம். பிள்ளை கதைப் புத்தகத்தை எடுத்தால், “பாடத்தைப் படி” என்று பிடுங்காதீர்கள். பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். படித்து முடித்ததும், “எந்தக் கதை நன்றாயிருந்தது? ஏன்?” என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதைக் கேட்கலாம். ஜெர்மனியில் இளையோருக்குக் கிடைத்த நடுவர் இருக்கை, நம் வீட்டுத் திண்ணையிலும் நம் பிள்ளைக்குக் கிடைக்கட்டும்.