கேதாரத்துக்கு நடந்தவர்களும் பறப்பவர்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

சித்திரை பிறந்தால் நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு நோட்டீஸ் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. சார்தாம் யாத்திரை, பன்னிரண்டு நாள், கோவையிலிருந்து விமானம், தென்னிந்தியச் சாப்பாடு, சமையல் மாஸ்டர் கூடவே வருவார், ஹெலிகாப்டருக்குத் தனிக் கட்டணம். இந்த வருடம் மட்டும் பழைய மாணவர்கள் நான்கு பேர், "சார், அப்பா அம்மாவை அனுப்பலாமுங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். நால்வருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதில் கொஞ்சம் பின்னால் போய்த்தான் தொடங்கும்.

தமிழனுக்கு இமயமலை புதிதல்ல. தேவாரத்தில் வடநாட்டுத் தலங்கள் என்று ஐந்தைச் சொல்வார்கள். அதில் ஸ்ரீசைலம் போக மற்ற நான்கும் இமயத்துப் பக்கம்: இந்திரநீலப்பருப்பதம், அனேகதங்காவதம், திருக்கேதாரம், நொடித்தான்மலை என்னும் கயிலாயம். ஆழ்வார்கள் பாடிய வதரிதான் பத்ரிநாத். திருப்பிரிதி என்பது ஜோஷிமட், கண்டமென்னும் கடிநகர் என்பது தேவப்பிரயாகை, சாளக்கிராமம் என்பது நேபாளத்து முக்திநாத் என்று பெரியவர்கள் அடையாளம் சொல்வார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சம்பந்தர் அந்த மலைகளுக்கு நேரில் போனதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. காளத்தியில் நின்றபடியே வடக்கு நோக்கிப் பாடினார் என்கிறார். அந்தக் காலத்தில் அது அவ்வளவு தூரம், அவ்வளவு ஆபத்து.

ஆபத்து என்றால் அது இமயத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னும் மணியுமாகச் சுந்தரர் மலைநாட்டிலிருந்து திரும்பி வருகிறார். வழிப்பறி எங்கே நடந்தது? நம் திருமுருகன்பூண்டியில்! வேடர் வேடத்தில் பூதகணங்கள் வந்து பறித்துக்கொண்டன என்பது புராணம். இப்படி ஒரு ஊரில் நீர் எதற்காகக் குடியிருக்கிறீர் என்று சாமியையே கேட்டுப் பதிகம் பாடினார் சுந்தரர். அவிநாசி ரோட்டில் பஸ்ஸில் போகிறபோதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். கதையைப் புராணமாகவே வைத்துக்கொண்டாலும், பயணி தனியாகப் போனால் பிழைக்க மாட்டான் என்ற அன்றைய நிலைமை அதில் தெரிகிறது. கூட்டம் சேர்த்துக்கொண்டு யாத்திரை போகும் வழக்கமே இந்தப் பயத்தில் பிறந்ததுதான்.

அப்படிக் கூட்டமாகப் போனதற்கு நல்ல ஆவணம் ஒன்று இருக்கிறது. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி என்ற தெலுங்கர், 1830 மே 18 அன்று சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பினார். குடும்பம், வேலைக்காரர்கள், பல்லக்குத் தூக்குவோர், கூடாரம் என்று சுமார் நூறு பேர். திரும்பி வந்தது 1831 செப்டம்பர் 3. வழியில் எந்த ஊரில் நல்ல தண்ணீர், எங்கே சாமான் கிடைக்கும், எங்கே சுங்கம் என்று குறித்துக்கொண்டே போனார். அது 1838ல் தெலுங்கில் புத்தகமாக வந்தது. இன்றைய டூர் மேனேஜர் செய்கிற வேலையை அவர் பதினைந்து மாதம் செய்திருக்கிறார். அவர் போனது கங்கைச் சமவெளிக்கு. மலைமேல் ஏறியிருந்தால் இன்னும் எத்தனை மாதமோ.

ரயில் வந்ததும் கணக்கு மாறியது. திருப்பூர் வழியாகச் சென்னை ரயில் பாதை 1862ல் வந்துவிட்டது. வடக்கே ஹரித்துவாருக்கு 1886ல் வந்தது. அதற்கு மேலே நடைதான். ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத்துக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். சில மைலுக்கு ஒரு 'சட்டி' இருக்கும். நம் வீட்டுச் சட்டி இல்லை கண்ணுகளா, அந்த ஊரில் வழித்தங்கலுக்கு அப்படிப் பெயர். கடைக்காரரிடம் மாவும் பருப்பும் வாங்கினால் படுக்க இடம் இலவசம். நடக்க முடியாதவர்களைக் கண்டி என்ற கூடையில் வைத்து ஒருவர் முதுகில் சுமப்பார். காசிருந்தால் நான்கு பேர் தூக்கும் டண்டி. லட்சுமண் ஜூலாவில் 1889ல் கட்டிய தொங்கு பாலத்தை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. நம்மவர்கள் போட்டோ எடுத்துக்கொண்ட பாலம் 1930ல் திறந்தது. அதுவும் பழசாகி 2019ல் மூடப்பட்டது.

நம் கொங்கு நாட்டுக்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் 1898ல் பிறந்த சுவாமி சித்பவானந்தர், 1940 வாக்கில் கயிலாயத்துக்கு நடந்தே போய்வந்து தமிழில் பயண நூல் எழுதினார். திருப்பராய்த்துறைத் தபோவனம் அதற்குப் பிறகு தொடங்கியது.

இனி நான் வகுப்பில் சொல்ல நேரமில்லாமல் போன ஒரு கதை. 1893 செப்டம்பரில் கர்வால் மலையில் கோனா என்ற இடத்தில் ஒரு மலைச்சரிவு. பிரஹி கங்கை ஆறு முழுக்க அடைபட்டு, பின்னால் பெரிய ஏரி நிற்க ஆரம்பித்தது. கீழே முழுக்க யாத்திரைப் பாதை. அணை உடைந்தால் ஹரித்துவார் வரை போகும். புல்ஃபோர்டு என்ற எஞ்சினியர், அணை உடனே உடையாது, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தண்ணீர் மேலேறி வழியும்போதுதான் ஆபத்து என்று கணக்குப் போட்டார். ஏரிக்கரையிலிருந்து ஹரித்துவார் வரை தந்திக் கம்பி இழுத்தார்கள். காவலுக்கு ஓர் அதிகாரியை மலையிலேயே உட்கார வைத்தார்கள். தொங்கு பாலங்களைக் கழற்றினார்கள். வெள்ளம் எதுவரை ஏறும் என்று அடையாளம் வைத்து, ஊர்க்காரர்களை அதற்கு மேலே அனுப்பினார்கள். 1894 ஆகஸ்ட் 25 இரவு அணை உடைந்தது. ஸ்ரீநகர் (காஷ்மீர் அல்ல, கர்வால் ஸ்ரீநகர்) ஊரே இல்லாமல் போனது. இறந்தவர்கள் ஐந்தே பேர். அணைக்கு அருகே இருந்த ஒரு பக்கிரியும் அவர் குடும்பமும். அப்புறப்படுத்தியும் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டவர்கள்.

வெள்ளைக்காரனைப் பாராட்ட எனக்குக் காரணம் குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஏனென்றால் 119 வருடம் கழித்து, 2013 ஜூன் 16, 17 தேதிகளில், கேதார்நாத்துக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி மழையில் உடைந்தபோது கீழே இருந்தவர்களை எச்சரிக்க எந்த ஏற்பாடும் இல்லை. அந்த மழை வெள்ளத்தில் உத்தராகண்டில் 5,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். கோயிலுக்குப் பின்னால் வந்து நின்ற ஒரு பாறைதான் கோயிலைக் காத்தது.

இடையில் என்ன மாறியது? 1962 சீனப் போர். ராணுவத்துக்காக எல்லை வரை ரோடு போட்டார்கள், அதே ரோட்டில் பஸ்ஸும் ஏறியது. மூன்று வாரம் நடந்த தூரம் இரண்டு நாளானது. சட்டிகள் அழிந்தன, ஆற்றங்கரையில் ஓட்டல்கள் முளைத்தன. ஆழ்வார் பாடிய ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் 800க்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் விட்டன.

நீங்கள் கேட்ட கேள்வி இங்கேதான் வருகிறது. நடந்து போனவர்களுக்கு, அவர்கள் அறியாமலே, அந்த மூன்று வாரம் ஒரு மருந்தாக இருந்தது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக உயரம் கூடும், உடம்பு பழகும். திருப்பூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். கேதார்நாத் 3,583 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 3,000 மீட்டருக்கு மேலே படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்கிறது மலை மருத்துவம். நம் டூர் நோட்டீஸ் என்ன செய்கிறது? திங்கள் கோவை, செவ்வாய் ஹரித்துவார், புதன் குப்தகாசி, வியாழன் கேதாரம். குப்தகாசி சுமார் 1,300 மீட்டர். ஹெலிகாப்டர் பத்து நிமிடத்தில் தூக்கி மேலே வைத்துவிடுகிறது. சுகரும் பிரஷரும் உள்ள அறுபத்தெட்டு வயது அப்பாவின் இதயத்துக்கு இது யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி. 2022ல் சார்தாம் பாதையில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் உடல்நலக் கோளாறால்.

கயிலாய யாத்திரையை 1981ல் மத்திய அரசு மறுபடி தொடங்கியபோது இந்தப் பாடத்தைக் கற்றிருந்தது. டெல்லியில் மருத்துவப் பரிசோதனை, வழியில் குஞ்சியில் மறுபடி பரிசோதனை, தேறாதவரை அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பணம் கட்டிவிட்டேன், மகன் அனுப்பினான் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

ஆகவே என் பதில்: அனுப்புங்கள், ஆனால் நோட்டீஸில் உள்ளபடி அனுப்பாதீர்கள். இதய மருத்துவரிடம் எக்கோ பார்த்துவிட்டுப் போகட்டும். குப்தகாசியில் இரண்டு இரவு, ஹெலிகாப்டரில் ஏறினால் அன்றே இறக்கம், மேலே படுக்கை வேண்டாம். தலைவலி, வாந்தி, படுத்தால் மூச்சு வாங்குதல், இதில் எது வந்தாலும் அடுத்த வேலை கீழே இறங்குவதுதான் என்பதை டூர்க்காரரிடம் முன்பே பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள். "இவ்வளவு தூரம் வந்து பார்க்காமல் திரும்புவதா" என்று அம்மா அழுதால் அப்பர் கதையைச் சொல்லுங்கள். கயிலைக்குப் போயே தீருவேன் என்று கால் தேய, கை தேய, மார்பு தேயப் போனவரிடம் முனிவர் உருவில் வந்து திரும்பிப் போ என்று சொன்னதே சிவன்தான். அவருக்குக் கயிலைக் காட்சி கிடைத்தது திருவையாற்றில்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. கேதார்நாத் நடை தீபாவளி முடிந்த இரண்டாம் நாளில் சாத்தப்படும். நம் ஊர் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் உட்காரும் பெண்ணுக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் வருடத்தில் சேர்ந்தாற்போல் பத்து நாள் லீவு கிடைப்பதே அந்தத் தீபாவளிக்குத்தான். போனஸ் கையில் இருக்கும், கோயில் பூட்டியிருக்கும். கம்பெனி நடத்துகிற என் மாணவர்கள் ஏழெட்டுப் பேர் இதைப் படிப்பீர்கள். ஷிப்மெண்ட் குறைவான ஒரு வாரம் பார்த்து மே மாதத்திலோ செப்டம்பரிலோ லீவு தர முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். ரோடு போடும் முன் பத்ரிக்கோ கேதாரத்துக்கோ நடந்து போன அப்புச்சி, அம்மாயி யாராவது உங்கள் வீட்டில் இருந்திருந்தால், அவர்கள் எழுதிய கார்டு, செலவுக் கணக்கு, கங்கைச் சொம்பு, எதுவானாலும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பரண் சுத்தம் செய்யும்போது கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.