பூன் லேயில் புள்ளியிட்ட தாள்

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியிலுள்ள பூன் லே என்னும் வட்டாரம், ஜூரோங்கில் மிளகும் காம்பியரும் பின்னர் ரப்பரும் பயிரிட்டு, 1898-இல் ஹோ ஹோ பிஸ்கட் தொழிற்சாலையையும் தோற்றுவித்த சியூ பூன் லே என்ற வர்த்தகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த ஜூரோங்கிலேதான், 1961-இல் பிறந்த பொருளியல் வளர்ச்சிக் கழகம், அன்றைய நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் விடாமுயற்சியால், சதுப்பைத் தூர்த்துத் தொழிற்பேட்டையொன்றை நிர்மாணித்தது. இச்சரித்திரத்தை எழுதுவோர் எஃகு ஆலையையும் கப்பல் பட்டறையையும் விஸ்தாரமாக வர்ணிக்கிறார்கள். இயந்திரத்தின் அருகே தொங்கிய சாதாரணக் கட்டத்தாளுக்கு அவர்கள் ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. தொழிலாளிக்குத் தன் வேலையைத் தானே மதிப்பிடும் அதிகாரத்தை அளித்த சாதனம் அது என்பதால், இந்த மௌனம் எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தாரிடம் பணியாற்றிய வால்ட்டர் ஷூஹார்ட், 1924 மே மாதத்தில், ஒரே பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுத்ததே அக்கட்டத்தாளின், அதாவது கன்ட்ரோல் சார்ட்டின், ஆதி. இந்தியப் புள்ளியியலாளர் மஹலநோபிஸின் அழைப்பை ஏற்று, இந்தியா சுதந்திரம் பெற்ற சில மாதங்களுக்குள் ஷூஹார்ட்டே அங்கு வந்து இவ்வித்தையை எடுத்துரைத்தார். ஆயினும் அதைத் தொழிற்கூடத்தின் அன்றாடப் பழக்கமாக்கிய பெருமை, 1950-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங்கின் சொற்பொழிவுகளைச் செவிமடுத்த ஜப்பானியருக்கே உரியது; 1962-இல் அங்கே தொடங்கிய தரக் கட்டுப்பாட்டுக் குழுக்களில், இயந்திரம் ஓட்டுபவரே பென்சில் பிடித்தார்.

சிங்கப்பூரில் நிலம் முந்தியது, நிபுணத்துவம் பிந்தியது. 1972-இல் இந்தியாவின் டாட்டா நிறுவனத்தாரோடு சேர்ந்து அரசாங்கம் ஒரு பயிற்சி நிலையத்தைத் திறந்து, நுட்பமான இயந்திர வேலைகளைக் கற்பித்தது. 1980-களில், டீமி என்னும் தேனீயைச் சின்னமாகக் கொண்ட உற்பத்தித்திறன் இயக்கமும், 1983-இல் தொடங்கிய ஜப்பானிய உதவித் திட்டமும், தரக் குழுக்களையும் அவற்றின் எளிய வரைபடங்களையும் தொழிற்சாலைகளில் பரப்பின.

செய்முறை மிக எளிது. 25 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள தண்டுகளைக் கடையும் லேத் ஒன்றில், மணிக்கொரு முறை, அடுத்தடுத்து வந்த ஐந்து தண்டுகளை மைக்ரோமீட்டரால் அளந்து, சராசரியை ஒரு புள்ளியாகவும், பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தை வேறொரு புள்ளியாகவும் இடுவார்கள். அவ்வித்தியாசங்களின் சராசரி 0.02 மில்லிமீட்டரானால், அதை 0.577-ஆல் பெருக்க, சுமார் 0.012 வரும், பொதுச் சராசரிக்கு மேலும் கீழும் அத்தூரத்தில் இரு கோடுகள். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தவர் எவரும் இதைப் போட்டுவிடலாம். இக்கோடுகள் வாடிக்கையாளர் விதித்த அளவு அல்ல, இயந்திரத்தின் சொந்தச் சுபாவம் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

கோட்டைத் தாண்டிய புள்ளியும், ஒரே திசையில் தொடர்ந்து ஏறும் புள்ளிகளும், உளி தேய்ந்ததென்றோ பிடிப்பு தளர்ந்ததென்றோ விசாரிக்கச் சொல்லும். அதைவிட அருமையான உபதேசம் மற்றொன்று உண்டு: கோடுகளுக்கிடையே புள்ளிகள் இயல்பாக அலையும்போது இயந்திரத்தைத் தொடாதே என்பது. ஒவ்வொரு தண்டுக்கும் பதறித் திருகைத் திருப்புகிறவர் பேதத்தைக் குறைப்பதில்லை, பெருக்குகிறார். முன்பெல்லாம் கடைசியில் வரும் பரிசோதகர் கழித்துத் தள்ளிய பிறகே பிழை வெளிப்பட்டது. தாள் வந்த பின்னரோ, உளி மாற்றிய நேரத்தைத் தன் கையாலேயே தாளின் ஓரத்தில் குறித்த தொழிலாளியின் எழுத்தைப் பார்த்தே மேலாளர் காரணம் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.