கிராமத்து உயர்நிலைப் பள்ளி: சேர்ந்தவர்களும் தேறியவர்களும்

தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு உயர்நிலைப் பள்ளி பிந்தித்தான் வந்தது. அதற்கு முன் இருந்தவை திண்ணைப் பள்ளிகள். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கின்படி, 1826-ல் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்தார்கள்; மக்கள்தொகையோ ஒன்றேகால் கோடிக்கும் மேல். படித்தவர்களில் பெண்கள் மிகச் சொற்பம். 1884-ன் உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டுகள் உயர்நிலைப் பள்ளிகளை நடத்தின. ‘போர்டு ஹைஸ்கூல்’ என்று மக்கள் அழைத்த அவை பெரும்பாலும் தாலுகா தலைநகரங்களிலும் பெரிய ஊர்களிலும்தான் இருந்தன. கிராமத்துப் பையன் அங்கே படிக்க வேண்டுமானால் மைல்கணக்கில் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் உறவினர் வீட்டில் தங்க வேண்டும்.

1911-ல் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. ஆறாம் வகுப்பான முதல் ஃபாரம் தொடங்கிப் பதினோராம் வகுப்பான ஆறாம் ஃபாரம் வரை சம்பளம் கட்டிப் படிக்கக்கூடியவர்களே அதை எழுதினார்கள்: நிலமுள்ள குடும்பத்துப் பையன்கள், கணக்குப்பிள்ளை வீட்டார், வணிகர் வீட்டார், பிராமணர், வேளாளர். தாழ்த்தப்பட்டோருக்காக அரசின் தொழிலாளர் துறை பள்ளிகளைத் திறந்தது. மதுரைப் பக்கம் கள்ளர் சமூகத்தாருக்கெனக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எழுந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தொடக்கப் பள்ளிகள். ஆகவே அந்தக் கால ‘ரிசல்ட்’டை இன்றையதோடு ஒப்பிட்டு, அன்று தரம் உயர்வாக இருந்தது என்று பெருமை பேசுவதில் பொருளில்லை. வடிகட்டல் முழுவதும் தேர்வுக்கு முன்பே, பள்ளி வாசலிலேயே நடந்து முடிந்திருந்தது.

வாசல் அகலத் திறந்தது 1954-க்குப் பிறகு. அரை நாள் படிப்பு, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்ற முதலமைச்சர் ராஜாஜியின் திட்டம் ‘குலக்கல்வி’ என்ற பெயரெடுத்துக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் அதைக் கைவிட்டார். ஐந்து மைலுக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்பது அவர் அரசின் இலக்கு. 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் மூலம் ஊர்க்காரர்களையே கட்டடத்துக்கும் பெஞ்சுக்கும் கரும்பலகைக்கும் கொடை தர வைத்தார். பிறகு சீருடை வந்தது, படிப்படியாக எஸ்.எஸ்.எல்.சி. வரை கட்டணமும் நீங்கியது.

அந்தத் தலைமுறை பள்ளியில் சேர்ந்த விதம் சேர்க்கைப் பதிவேட்டில் இன்றும் தெரியும். பிறந்த தேதிக்குச் சான்று கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார் தலைமையாசிரியர். எட்டினால் ஐந்து வயது. அப்புறம் மே, ஜூன், ஜூலையில் ஏதோ ஒரு தேதியை அவரே எழுதிக்கொள்வார். ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களில் இத்தனை பேர் கோடையில் பிறந்தவர்களாக இருப்பது இதனால்தான்.

இப்படிச் சேர்ந்தவர்கள் பதினோரு ஆண்டு கழித்துப் பொதுத்தேர்வுக்கு வந்தபோது ஏராளமானவர்கள் பெயில் ஆனார்கள். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இல்லை, ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் ஆசிரியர் போதவில்லை, அறுவடைக் காலத்தில் வகுப்பு பாதி காலி. பத்திரிகையில் அச்சான எண்களில் தன் எண்ணைக் காணாத பையன், வசதி இருந்தால் டவுனில் டுடோரியல் காலேஜுக்குப் போய்த் திரும்ப எழுதினான். இல்லாவிட்டால் வயலுக்குப் போனான். தேறியவன் கையில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வந்தது. மதிப்பெண்ணோடு உடம்பின் மச்சங்களையும் குறித்து வைத்திருந்த அந்தப் புத்தகம், அவன் குடும்பத்தில் மாதச் சம்பளத்துக்கு முதல் வழியாக இருந்தது. தேர்ச்சி விகிதம் தாழ்ந்திருந்த அந்த ஆண்டுகளை வீழ்ச்சி என்று சொல்வது தவறு. அதற்கு முன் தேர்வு அறையையே பார்த்திராத வீடுகள் அப்போதுதான் கணக்கில் ஏறின.

1978-ல் பதினோராண்டுப் படிப்பு போய்ப் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் வந்தன. ஆய்வகம் இல்லாத பள்ளிகள் பத்தாம் வகுப்போடு நின்றன. மேல்நிலைப் பள்ளி அடுத்த ஊரில். பெண்பிள்ளைகளின் படிப்பு முறிந்த இடம் அதுவே. அதைச் சரிசெய்ய வந்தவை பாடத்திட்டங்கள் அல்ல, வேறு உதவிகள். எம்.ஜி.ஆர். 1982-ல் தொடங்கிய சத்துணவு 1984-ல் பதினைந்து வயது வரை நீண்டது. 1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்த திருமண உதவி, மணப்பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருக்க வேண்டும் என்றது. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு முதலில் கிடைத்த விலையில்லா மிதிவண்டி பிறகு எல்லோருக்குமானது. 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாணவிகள் 94.53 சதவீதம், மாணவர்கள் 88.58 சதவீதம். பையன்கள் பின்தங்குவது ஆண்டுதோறும் நடக்கிறது; அதைப் பற்றிய பேச்சு இன்னும் போதாது.

இதற்குள் அரசுப் பள்ளிப் பெஞ்சில் உட்காருபவர்கள் இன்னொரு முறை மாறிவிட்டார்கள். தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பெருகி மஞ்சள் வேன்கள் கிராமத்துக்குள் நுழைந்ததும், கட்டணம் கட்ட முடிந்தவர்கள் வெளியேறினார்கள். மகனை வேனில் ஏற்றிவிட்டு மகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பிய வீடுகள் குறைவல்ல. எஞ்சியவர்களில் பெரும்பகுதி தலித், மிகப் பிற்படுத்தப்பட்ட குடும்பங்களின், கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள். அதே 2024-ல் மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம்; அரசுப் பள்ளிகளில் 87.90. இந்த இடைவெளியை ஆசிரியர் தலையில் மட்டும் கட்டுவது எளிது, நியாயமல்ல. அந்த ஆண்டு மாவட்ட வரிசையில் முதலிடம் 97.31 சதவீதத்தோடு அரியலூருக்கு. பெரும்பாலும் கிராமங்களைக் கொண்ட மாவட்டம் அது.

ஆனால் தேர்ச்சி விகிதம் உயர்ந்ததாலேயே மேற்படிப்பின் கதவு திறந்துவிடவில்லை. மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத்தேர்வு வந்த பிறகு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாக இருந்தார்கள். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. அந்த ஆண்டே இதன்வழி எம்.பி.பி.எஸ். இடம் பெற்றவர்கள் முந்நூறைத் தாண்டினார்கள். இந்த ஒதுக்கீட்டைப் பெற நீட்டில் தேறினால் மட்டும் போதாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழும் வேண்டும்.