ஏலமலை வம்சங்கள் - 7: டீனினிக் முதல் கோட்டகுடி வரை

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மலையேறுகிறவர்களின் தலைக்கு மேலே ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு வந்தன. மலைமேல் ஓடிய குண்டளை ரயில் பெட்டிகளை டாப் ஸ்டேஷனில் கொண்டுவந்து சேர்க்கும். அங்கிருந்து வடத்தில் கோட்டகுடி, பிறகு மாட்டுவண்டியில் போடி. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது.

இத்தனைக்கும் மூலம் ஒரு குத்தகைப் பத்திரம். 1877-ல் பூஞ்சாறு ராஜா, அந்தத் தேயிலை விளைந்த கண்ணன் தேவன் மலையில் சுமார் 227 சதுர மைலை ஆண்டுக்கு 3,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தார். வாங்கியவர் ஜான் டேனியல் மன்றோ, திருவிதாங்கூரின் ஏலமலை சூப்பிரண்டு. பெயர்தான் ஸ்காட்லாந்து, குடும்பம் மூன்று தலைமுறையாகத் திருவிதாங்கூரில் உத்தியோகம் பார்த்தது.

தாத்தா கர்னல் ஜான் மன்றோ, ஸ்காட்லாந்தின் ராஸ் சீமையில் டீனினிக் பண்ணைக் குடும்பத்தில் 1778-ல் பிறந்தவர். அண்ணன் ஹியூ ஊரிலேயே 1817-ல் விஸ்கி வடிசாலை வைத்தார். தம்பியோ கும்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து மெட்ராஸ் வந்து, 1810-ல் திருவிதாங்கூரில் கும்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் ஆனார். மறு ஆண்டே திவான் பதவியும் சேர்ந்தது. 1858-ல் கர்னல் கண்மூடினார். மகன் யு.வி. மன்றோ திருவிதாங்கூர் காட்டிலாகாவின் கன்சர்வேட்டர். அவர் மகன்தான் நம் ஜான் டேனியல். பீர்மேடு பள்ளிக்குன்று தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார்.

இப்படிப்பட்ட குடும்பங்களின் வேரைத் தேட வழி உண்டு. ஸ்காட்லாந்தில் 1855 முதல் அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவு. அதற்கு முன் சர்ச் பேரேடு. இங்கே பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றும் படியெடுத்து லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தில் மெட்ராஸ் மாகாணப் படிகள் 'என்/2' என்ற வரிசையில் இருக்கின்றன. ஒன்று கவனிக்க வேண்டும்: தாய் இந்தியப் பெண் என்றால், அப்பா பெயரோடு வரி முடிந்துவிடுவது சகஜம். பட்டாளத்து வம்சங்கள் பலவற்றில் பாட்டி பெயரே கிடைக்காது.

பெட்டி சுமந்தவர்களுக்கும் வண்டி ஓட்டிய போடிக்காரர்களுக்கும் லண்டனில் படி இல்லை. எஸ்டேட்டின் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் ஒரு பெயர், எதிரே நாள்கூலி, அவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கூலிச் சீட்டோ கங்காணி கணக்கு நோட்டோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தாத்தா பெயரோடு பாட்டி பெயரையும், அவர்கள் எந்த ஊரிலிருந்து மலையேறினார்கள் என்பதையும் இந்த வாரமே எழுதி வையுங்கள்.

(தொடரும்)