அடையாற்றில் ஓர் ஆசிரியப் பயிற்சி

1939ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 69. பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவியும் அவரை அழைத்திருந்தனர். கத்தோலிக்கப் பெண்மணி ஒருவர் அச்சபையின் விருந்தினராகத் தங்கியது குறித்து நம்மில் சிலர் இன்றும் புருவம் உயர்த்தக்கூடும். குழந்தைகளைப் பற்றிக் கேட்க விரும்பியோர் அழைத்தனர், அவரும் வந்தார், அவ்வளவே.

அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் வகுப்பில் 300க்கும் மேற்பட்டோர் பயின்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். வந்திருந்தோர் இளஞ்சிவப்புக் கனசதுரங்களையும் உருளைக் கட்டைகளையும் கையாளும் முறையைக் கற்றனர் என்பது உண்மையே. ஆயினும் அவர் கற்பிக்க விரும்பியது கருவிகளை மட்டுமன்று. அதனை உணர 1907ஆம் ஆண்டின் உரோமைக்குச் செல்லவேண்டும்.

அவ்வாண்டு சனவரி 6ஆம் நாள், திருக்காட்சிப் பெருவிழாவன்று, சான் லொரென்சோ என்னும் ஏழையர் குடியிருப்பில் முதல் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் படிக்கட்டுகளில் திரிந்து சுவர்களைப் பாழாக்கிய சிறார் ஏறத்தாழ 50 பேர் அங்கே சேர்க்கப்பட்டனர். அவர்களைக் கவனிக்க அமர்த்தப்பெற்றவர் ஆசிரியப் பயிற்சி பெறாத எளிய பெண் ஒருவர். பயிற்சி பெற்றவர் அமையாததே நன்மையாயிற்று என்னும் கருத்தை அம்மையார் பின்னாளில் வெளியிட்டதுண்டு. அக்காலப் பயிற்சி, பேசவும் அடக்கவும் திருத்தவுமே ஆசிரியரைப் பழக்கியிருந்தது. அப்பெண்ணோ சொன்னதைச் செய்தார். நடந்ததை வந்து சொன்னார். மருத்துவராகிய அம்மையாருக்கு வேண்டியிருந்தவை அந்தக் கண்களே.

பின்னர் அவர் வகுத்த பயிற்சி, அக்கண்களை உருவாக்கும் முயற்சி எனலாம். பயில்வோர் வகுப்பறையின் ஓரத்தில் பேசாது, குறுக்கிடாது அமர்ந்து, ஒரு குழந்தை எதை எடுக்கிறது, எத்துணை நேரம் அதில் ஆழ்கிறது, எப்போது விடுகிறது எனக் குறித்துக்கொள்ளவேண்டும். கருவிகள் ஒவ்வொன்றின் பயன்பாட்டையும் தம் கையாலேயே எழுதிக் குறிப்பேடு ஆக்கவேண்டும். அச்சிட்ட நூலை வாங்கி வைத்துக்கொள்வது இதற்கு ஈடாகாது.

பெயர் கற்பிக்கும் பாடத்தை மட்டும் சற்று விரித்துக் காண்போம். பிரெஞ்சு மருத்துவர் செகேனிடமிருந்து அம்மையார் எடுத்துக்கொண்ட முறை அது. முதலில், "இது சிவப்பு, இது நீலம்" என்று மட்டும் ஆசிரியை கூறுவார். அடுத்து, "சிவப்பைக் கொடு" என்பார். இறுதியாக, ஒன்றைக் காட்டி, "இது என்ன?" என வினவுவார். எளிமையாகத்தான் தோன்றுகிறது. ஆனால் சிவப்பைக் கேட்கையில் குழந்தை நீலத்தை நீட்டினால் என்ன செய்வது? "தவறு" என்று சொல்லலாகாது. மீண்டும் மீண்டும் கேட்டு வருத்தவும் கூடாது. புன்முறுவலுடன் பாடத்தை அந்த அளவில் முடித்து, மற்றொரு நாள் தொடங்கவேண்டும். குழந்தை இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதே அந்த நீலத்தின் பொருள். மறையுரை மேடையில் நின்று பழகிய என்போன்றோருக்கு இந்த வாய்மூடல் எத்துணைக் கடினம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1936இல் வெளிவந்த 'குழந்தைமையின் இரகசியம்' என்னும் நூலில் ஆசிரியரின் ஆன்ம ஆயத்தம் பற்றி அவர் தனியே எழுதுகிறார். அங்கு அவர் சுட்டும் தடைகள் சினமும் செருக்கும். தலையான பாவங்களின் பட்டியலை அறிந்தவர்க்கு இவை புதியன அல்ல. ஆசிரியப் பயிற்சியின் பாடத்திட்டத்தில் அவற்றைச் சேர்த்ததுதான் புதிது. எதிர்த்துப் பேச இயலாத சிறு பிள்ளைகள் முன் சினம் கண்டிப்பு என்னும் பெயரிலும், செருக்கு ஆசிரியப் பெருமை என்னும் பெயரிலும் எளிதில் உலாவரக் கூடும்.

1940 சூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கில அரசு மாரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தது. அம்மையார் அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதித்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 31, அம்மையாரின் 70ஆம் பிறந்தநாள். அதனையொட்டி மகன் விடுவிக்கப்பட்டார். சில மாதப் பயணம் ஆண்டுகளாக நீண்டது. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கி, இலங்கையைச் சேர்ந்த லேனா விக்கிரமரத்னவின் துணையோடு பல வயதுக் குழந்தைகள் சேர்ந்து பயிலும் சிறு பள்ளியை நடத்தினார். இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரம் ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றனர். அகமதாபாத்தில் ஆற்றிய உரைகள், 'உட்கவரும் மனம்' எனப் பொருள்படும் தலைப்பில் 1949இல் அடையாற்றிலேயே நூலாயின.

அவர் பெயரைத் தாங்கிய பலகைகள் பின்னர் நகரந்தோறும் தொங்கின. கட்டணம் செலுத்த இயன்றோரின் பிள்ளைகளே அங்கு மிகுதியாகச் சேர்ந்தனர். சான் லொரென்சோவின் ஏழைச் சிறாரை நினைக்கையில் இது நெஞ்சை உறுத்தவே செய்கிறது. வேறு வழி கண்டவர் மராட்டியத்தின் தாராபாய் மோடக். 1945இல் போர்டி என்னும் கடற்கரை ஊரில், விலைமிக்க கருவிகளுக்கு மாற்றாகக் கிளிஞ்சலும் விதையும் இலையும் கொண்டு அனுதாய் வாக்குடன் பணியாற்றத் தொடங்கினார். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி ஆசிரியையே குடிசைகளின் முற்றத்துக்குச் சென்றார். முற்றத்தைக் குறிக்கும் 'அங்கன்' என்னும் சொல்லிலிருந்து பிறந்ததே 'அங்கன்வாடி'. 1975 அக்டோபர் 2இல் நடுவண் அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அப்பெயரை எடுத்துக்கொண்டது. அத்திட்டத்தின் ஆறு பணிகளில் முன்பருவக் கல்வி ஒன்று. ஏனையவை உணவும் உடல்நலமும் சார்ந்தவை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலைக் கல்வி முடித்த அங்கன்வாடிப் பணியாளர்க்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சியும், அதற்குக் குறைந்த கல்வியுடையோர்க்கு ஓராண்டுப் பட்டயப் பயிற்சியும் அளிக்கவேண்டும் என்கிறது. தொலைக்காட்சி வாயிலாகவும் கைப்பேசி வாயிலாகவும் அவற்றை நடத்தலாம் என்றும் கூறுகிறது. பயிற்சியே பெறாதிருப்பதினும் இது மேல். ஆனால் ஓரத்தில் அமர்ந்து ஒரு குழந்தையை நெடுநேரம் பார்க்கும் பழக்கத்தைத் தொலைக்காட்சி எவ்வாறு தரும்?

எம் பங்குத்தளத்தை அடுத்த அங்கன்வாடி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி நான்கு டப்பாக்களுக்கும் நான்கு மூடிகளை மாற்றி மாற்றிப் பொருத்திக்கொண்டிருந்தாள். பணியாளர் பதிவேட்டை மூடிவிட்டு, உதவிக்குப் போகாமல், அவளையே பார்த்திருந்தார். மூன்றாம் மூடி பொருந்தியபோது கைப்பேசி ஒலித்தது. அன்றைய எடைக் கணக்கைப் பிற்பகலுக்குள் பதிவேற்றவேண்டுமாம்.